ஓட்டைகள் பொருந்தாத இடம்

1973-ஆம் வருடம் ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அம்பத்தூரிலிருந்து ரயிலில் வந்து பட்டாபிராமில் இறங்கிய ஜெயசீலி, வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டு அப்பாவிடம் ஒரு காகிதத்தை நீட்டினாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

கிறிஸ்துதாஸ் அதை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்துப் படித்தார். இங்கிலீஷில் டைப் அடித்த நான்கு வரி. என் கவனக்குறைவால் கம்பெனிக்கு நேர்ந்த பிழைகளுக்கு நானே பொறுப்பு, மன்னிக்க வேண்டும், இனி இப்படி நடவாது. கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"இன்னா இது?"

"திங்கக்கிழம கையெழுத்து போட்டுக் குடுக்கணுமாம் நைனா. போட்டா வேலையில வெச்சிப்பாங்க, லெட்டர் ஃபைல்ல இருக்கும். போடலைன்னா வர வேணாம்னு சொல்லிட்டாரு வரதன் சார்."

வரதன் அவளுடைய பிரிவுக்கு அதிகாரி. வண்டி உதிரிபாகம் செய்யும் அந்தத் தொழிற்சாலைக்குப் போன வருடம்தான் ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதற்கு எதைச் சொல்வதானாலும் அட்டையில் ஓட்டை போட்டுத்தான் சொல்ல வேண்டும். ஜெயசீலிக்கு அந்த வேலை. ஸ்டோரிலிருந்து எழுதி வரும் தாளைப் பார்த்து அவள் மிஷினில் தட்டுவாள். ஒவ்வொரு தட்டுக்கும் அட்டையில் ஓட்டை விழும். பக்கத்தில் இருக்கும் வசந்தகுமாரி அதே தாளைப் பார்த்து இன்னொரு மிஷினில் மறுபடி தட்டிச் சரிபார்ப்பாள். இரண்டும் ஒத்துப்போனால் அட்டையின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு விழும். வெட்டு விழுந்த அட்டைதான் கம்ப்யூட்டருக்குப் போகும்.

உதிரிபாகப் பட்டியல் முழுவதையும் இப்படி அட்டையில் ஏற்றி, வெள்ளிக்கிழமை முதல் தடவையாக அச்சடித்துப் பார்த்திருக்கிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் கோளாறு. அடைப்புக்குறி இருக்க வேண்டிய இடத்தில் சதவீதக் குறி. கூட்டல் குறி வர வேண்டிய இடத்தில் வேறென்னவோ. தாளில் இருந்த பேரைப் பார்த்தால் முக்கால்வாசி ஜெயசீலியுடையது. சரிபார்த்தது வசந்தகுமாரி. இரண்டு பெண்களும் பேசிக்கொண்டே கைக்கு வந்ததைத் தட்டிவிட்டார்கள் என்று வரதன் முடிவு கட்டிவிட்டார்.

"நீ தப்பா அடிச்சியா?" என்றார் கிறிஸ்துதாஸ்.

ஜெயசீலி தலை குனிந்துகொண்டாள். "தெரில நைனா."

அவருக்குச் சுருக்கென்றது. அடித்தேன் என்றால் அதற்கு ஒரு வழி உண்டு. அடிக்கவில்லை என்றால் அதற்கும் வழி உண்டு. தெரியவில்லை என்பது அவருக்குப் பதிலாகவே படவில்லை. மிலிட்டரி சரக்கு ரயில் பெட்டிகள் வந்து நிற்கும் சைடிங்கில் முப்பத்தோரு வருடம் செக்கராக இருந்தவர் அவர். எந்தப் பெட்டி எங்கே போக வேண்டும் என்று சாக்குக்கட்டியால் குறி போடுவது, சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. 1962-இல் ஒரு பெட்டியின் அரக்கு முத்திரை உடைந்திருந்தது. காவலுக்கு நின்ற வேம்புலியைக் கூப்பிட்டுக் கேட்டார். "தெர்லபா செக்கரே" என்றான் வேம்புலி. மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அதையேதான் சொன்னான். 'உண்மையை மறைக்கிறான்' என்று எழுதி அனுப்பினார். வேம்புலிக்கு வேலை போயிற்று. அதற்காக அவர் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

"தெரிலன்னா இன்னாடி அர்த்தம்? உன் கைதானே அடிச்சிது?"

"கைதான் அடிச்சிது. அட்டையில ஓட்டைதான் கீது, எழுத்து இல்ல. எழுத்தும் சேத்து அடிக்கிற மிஷினு வெல ஜாஸ்தின்னு கம்பெனி வாங்கல. நான் அடிச்சது சரியா வுழுந்துச்சான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

உள்ளேயிருந்து அவர் மனைவி சகாயம்மாள், "கையெழுத்துதானே, போட்டுட்டுப் போவட்டுமே. பொண்ணு பாக்க வர்றவன் ஃபைலையா வந்து பாக்கப்போறான்?" என்றாள்.

"அவன் பாக்க மாட்டான். நான் பாப்பேன்" என்றார் கிறிஸ்துதாஸ்.

அவருடைய அப்பா ஆரோக்கியசாமி குத்தம்பாக்கத்தில் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். களத்தில் நெல் குறைந்தது என்று ஒருமுறை பழி வந்தபோது, ஊர் கூடி நின்ற இடத்தில் வேட்டியை அவிழ்த்து உதறிக் காட்டிவிட்டு, கோவணத்தோடு வீட்டுக்கு நடந்து வந்தார். 'எதிர்ல தொறந்து காட்டிட்டேன்' என்ற அந்த ஒரு வார்த்தைதான் அவர் பிள்ளைக்கு விட்டுப்போன சொத்து. கிறிஸ்துதாஸ் சைடிங்கிலும் அந்த முறையையே வைத்திருந்தார். சந்தேகப்பட்ட பெட்டியை ஆட்கள் எதிரில்தான் திறக்க வேண்டும். திறந்தவன் ஒரு கையெழுத்து, பார்த்தவன் ஒரு கையெழுத்து.

திங்கட்கிழமை காலையில் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு மகளோடு ரயில் ஏறினார்.

வரதன் அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"பெரியவரே, இது ஆபீஸ் விஷயம். நீங்க இவ்வளவு தூரம் வந்திருக்கவே வேணாம்."

"குடும்பத்து பேரை எழுதி ஃபைல்ல வெக்கிறேன்னு நீங்க சொன்னப்புறம் அது ஆபீஸ் விஷயம் மட்டும் இல்லீங்க. தப்பா அடிச்சதா சொல்றீங்களே, அந்த அட்டைய என் எதிர்ல தொறந்து காட்டுங்க."

"திறக்கறதுக்கு அதென்ன டப்பாவா?" என்று சிரித்த வரதன், அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"எங்க ஊட்டுப் பொண்ணு ஒரே ஒரு அட்டை தப்பா அடிச்சிருந்தாலும், லெட்டர் வேணாம், நானே இட்டுக்கினு போயிடறேன். இது என் வார்த்தை" என்றார் கிறிஸ்துதாஸ்.

ஜெயசீலி அப்பாவின் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தாள். அவர் திரும்பவில்லை.

புரோகிராம் எழுதும் இராமகிருஷ்ணனைக் கூப்பிட்டனுப்பினார் வரதன். ஒல்லியான ஆள், சட்டைப்பையில் நான்கு பென்சில். பட்டியலில் கோளாறான ஒரு வரியைப் பார்த்து, அதற்குரிய அட்டையைத் தேடி எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தான். அட்டையில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நெட்டுப் பத்தி, பத்திக்குப் பன்னிரண்டு இடம். எந்தெந்த இடத்தில் ஓட்டை என்பதை வைத்து அது என்ன எழுத்து என்று தெரியும்.

"இதோ பாருங்க. இந்தப் பத்தியில பூஜ்யம், நாலு, எட்டு. மூணு ஓட்டை. அப்படின்னா சதவீதக் குறி. தாள்ல அடைப்புக்குறி இருக்கு. சந்தேகமே இல்லை, தப்புதான்."

"நான் அடைப்புக்குறிதான் சார் தட்டுனேன்" என்றாள் ஜெயசீலி.

"அதான் ஓட்டை சொல்றதே."

ஜெயசீலி அட்டையை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வசந்தகுமாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சார், புது மிஷின்ல ஒரு தபா நான் உக்காந்து பாக்கலாமா?" என்றாள்.

அந்த அறையில் நான்கு ஓட்டை மிஷின்கள். மூலையில் இருந்த ஜெயசீலியின் மிஷினும் அதற்குப் பக்கத்தில் வசந்தகுமாரி சரிபார்க்கும் மிஷினும் வேறு ஏதோ கம்பெனி கழித்துவிட்ட பழையவை. மற்ற மூன்றும் புதுசு. அவற்றுக்குத் தனியாக ஒரு சரிபார்க்கும் மிஷின் இருந்தது. ஒருத்தி இடத்தில் இன்னொருத்தி உட்காருவது வரதனுக்குப் பிடிக்காது. யாராவது லீவு போட்டால்தான் மாறி உட்காருவார்கள்.

வரதன் சரி என்று தலையாட்டினார். ஜெயசீலி தன் பழைய மிஷினில் போய் உட்கார்ந்து, அ முதல் ஃ வரை சொல்வதுபோல, இங்கிலீஷ் எழுத்து இருபத்தாறு, எண் பத்து, பிறகு எல்லாக் குறிகளையும் வரிசையாக ஒரு அட்டையில் தட்டினாள். புது மிஷினுக்குப் போய் அதையே அதே வரிசையில் இன்னொரு அட்டையில் தட்டினாள். இரண்டையும் விளிம்பு சேர்த்து ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஜன்னலில் பிடித்தாள்.

எழுத்துகள் இருந்த இடமெல்லாம் வெயில் நேராக வந்து விழுந்தது. எண்கள் இருந்த இடத்திலும் வந்தது. குறிகள் தொடங்கியதும் தடுமாறியது. எட்டாம் வரிசையில் மட்டும் ஒரு கீற்று. மற்ற இடங்களில் ஒரு அட்டையின் ஓட்டையை இன்னொரு அட்டை அடைத்துக்கொண்டு நின்றது.

இராமகிருஷ்ணன் அட்டைகளைப் பிடுங்காத குறையாக வாங்கி மூக்கின் அருகில் வைத்துப் பார்த்தான்.

"ரெண்டு மிஷினும் ஒரே ஜாதின்னு நெனச்சேன்" என்றான் மெதுவாக. "எழுத்தும் நம்பரும் ஒண்ணுதான். குறிக்கு மட்டும் அந்தக் காலத்து மிஷின் வேற ஓட்டை போடுது. நான் புதுசோட அட்டவணையை மட்டும் வெச்சு புரோகிராம் எழுதிட்டேன். ஒரு வார்த்தை விசாரிக்கலை."

"இத்தனை மாசம் சம்பளப் பட்டியல் சரியாத்தானே வந்துது?" என்றார் வரதன்.

"அதுல பேரும் நம்பரும்தானே சார். குறியே கிடையாது. இந்தப் பட்டியல்லதான் மொதல் தடவையா அடைப்புக்குறி வருது."

கிறிஸ்துதாஸ் அசையாமல் நின்றார். "லெட்டரைக் கிழிச்சிடலாமா?" என்று மட்டும் கேட்டார்.

வரதன் லேசில் விட்டுக்கொடுப்பவர் அல்ல. "அவசரப்படாதீங்க. பத்தொன்பதாயிரம் அட்டை இருக்கு. பார்ட் நம்பர்படி எல்லாத்தையும் கலந்து அடுக்கியாச்சு. எது பழைய மிஷின், எது புது மிஷின்னு அட்டையில எழுதி ஒட்டலை. தாள்ல ஆள் பேர் இருக்கு, மிஷின் பேர் இல்லை. லீவு நாள்ல யார் எங்க உட்கார்ந்தாங்கன்னு யாருக்கு ஞாபகம்? மிஷின் பண்ண தப்பு எது, கை பண்ண தப்பு எதுன்னு பிரிச்சுக் காட்டுங்க. அப்புறம் பார்க்கலாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்களே, ஒரு அட்டைன்னு? அது எனக்கு ஞாபகம் இருக்கு."

"எனக்கும் ஞாபகம் கீது" என்றார் கிறிஸ்துதாஸ்.

இராமகிருஷ்ணன் மூன்று நாள் அவகாசம் கேட்டான்.

அந்த மூன்று நாளும் அவன் எழுதியதை ஜெயசீலி வீட்டுக்கு வந்து சொன்னாள். சோறு சாப்பிடும்போது சொன்னாள். கிறிஸ்துதாஸ் கேட்காததுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அட்டையையும் புரோகிராம் இரண்டு விதமாகப் படித்துப் பார்க்குமாம். பழைய மிஷின் அடித்தது என்று வைத்துக்கொண்டு ஒரு தடவை, புது மிஷின் அடித்தது என்று வைத்துக்கொண்டு ஒரு தடவை. எந்தப் படிப்பில் பொருள் வருகிறதோ அதுதான் சரி. திறந்த அடைப்புக்குறி மூடியிருக்கிறதா, சதவீதக் குறிக்கு முன்னால் எண் இருக்கிறதா என்றெல்லாம் பார்க்குமாம்.

"குறியே இல்லாத அட்டைக்கு இன்னா பண்ணும்?" என்று அவரை அறியாமல் கேட்டுவிட்டார்.

"அத வுட்ரும் நைனா. எப்பிடிப் படிச்சாலும் ஒண்ணுதானே. யாரு அடிச்சா இன்னா?"

அவருக்கு அது பிடித்திருந்தது.

வியாழக்கிழமை மறுபடியும் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். கம்ப்யூட்டர் அறையின் குளிரில் அட்டைகள் படபடவென்று ஓடி முடிந்தன. அச்சடித்த தாள் மடிப்பு மடிப்பாக வந்து விழுந்தது. குறி இருந்த ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஓர் எண். ஒன்று என்றால் பழைய மிஷின், இரண்டு என்றால் புதுசு. அடைப்புக்குறிகள் எல்லாம் அதனதன் இடத்தில் நின்றன. வசந்தகுமாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கிறிஸ்துதாஸ் விரலை ஓரத்தில் வைத்து வரி வரியாக இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இங்க பூஜ்யம் போட்டுக்கீதே?"

"அது தெரியலைன்னு அர்த்தம் ஐயா" என்றான் இராமகிருஷ்ணன். "ரெண்டு விதமா படிச்சாலும் பொருள் வருது. அந்த மாதிரி மொத்தம் அறுபத்திமூணு."

"ரெண்டு மிஷின்ல ஒண்ணுதானே அடிச்சிருக்கும்?"

"ஒண்ணுதான். எதுன்னு அட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது."

"இதையே நானும் சொன்னேன்" என்று குறுக்கிட்டார் வரதன். "ஏதோ ஒண்ணைப் போடுய்யா, பாதியாவது சரியா வரும்னேன். கேட்க மாட்டேங்கறான்."

"போட்டா மீதிப் பாதியை நானே கெடுத்ததா ஆயிடும் சார். அப்புறம் எது அட்டை சொன்னது, எது நான் சொன்னதுன்னு யாருக்கும் தெரியாது. பூஜ்யம் போட்டதை மட்டும் தாளோட வெச்சு ஆளுங்க பார்க்கட்டும். மத்ததை நம்பலாம்."

கிறிஸ்துதாஸ் விரலை எடுக்காமல் அந்தப் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அறுபத்திமூன்றையும் தாளோடு ஒப்பிட்டு முடிக்க மத்தியானம் ஆயிற்று. எல்லாம் மிஷின் வேறுபாடுதான். அதற்குள் ஸ்டோரில் புதுப் பட்டியலை அவர்கள் புத்தகத்தோடு பார்த்துவிட்டு ஒரு சீட்டு அனுப்பியிருந்தார்கள். மூன்று பார்ட் நம்பர் அவர்கள் புத்தகத்திலேயே இல்லை. மூன்றும் ஜெயசீலி பேரில் இருந்த தாள்கள். இது குறி அல்ல, எண். எண்ணுக்கு எந்த மிஷினும் ஒரே ஓட்டைதான் போடும்.

வரதன் சீட்டை மேஜைமேல் வைத்தார். குரலில் குத்தல் இல்லை. அதுதான் கிறிஸ்துதாஸுக்கு அதிகமாக வலித்தது. "மூணு அட்டை பெரியவரே."

கிறிஸ்துதாஸ் ஸ்டோரிலிருந்து எழுதி வந்த அந்த மூன்று தாளையும் வாங்கிப் பார்த்தார். எழுதினவன் கையெழுத்து கோழி கிளறினதுபோல் இருந்தது. ஒன்று என்றும் படிக்கலாம், ஏழு என்றும் படிக்கலாம். ஜெயசீலி ஏழு என்று அடித்திருந்தாள். வசந்தகுமாரியும் ஏழு என்றே படித்திருந்தாள். அதனால் வெட்டு விழுந்துவிட்டது.

"எழுதினவன் தப்புன்னு வெச்சுக்கலாமே" என்றான் இராமகிருஷ்ணன்.

கிறிஸ்துதாஸ் மகளைப் பார்த்தார். தப்பித்துக்கொள்ள நல்ல வழி. அவள் ஆமாம் என்று சொன்னால் அவர் கொடுத்த வார்த்தையும் பிழைத்துக்கொள்ளும், அவள் வேலையும் பிழைத்துக்கொள்ளும்.

"இல்ல நைனா" என்றாள் ஜெயசீலி. "அடிக்கிறப்பவே சந்தேகமாத்தான் இருந்துச்சி. ஒண்ணா ஏழான்னு தெரில. கேட்டிருக்கணும். கேக்கல."

"ஏன் கேக்கல?"

அவள் அப்பாவின் பக்கம் நெருங்கி நின்றாள். பிறகு, மற்றவர்கள் காதில் விழாதபடி, "தெரிலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சி. நம்ம ஊட்ல அத சொன்னா நீ சும்மா வுடுவியா?" என்றாள்.

ஆரோக்கியசாமி வேட்டியை உதறிக் காட்டியது மறைக்க ஒன்றும் இல்லாததனால். இந்தப் பெண்ணுக்கு மறைக்க ஒன்று இருந்ததென்றால், மறைக்கும்படி செய்தது யார்? கௌரவம் என்று நினைத்துக்கொண்டு வீட்டில் அவர் எழுப்பிய சுவர் பெண்ணின் வாய்க்கு எதிரில் போய் நின்றுகொண்டிருக்கிறது.

"கெளம்பலாமா?" என்றார் வரதன். "உங்க வார்த்தை."

"வார்த்தை நீ குடுத்தது நைனா" என்று ஜெயசீலி இப்போது எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னாள். "வேலை என்னுது. நான் வர மாட்டேன்."

மகள் நாலு பேர் எதிரில் எதிர்த்துப் பேசியது கிறிஸ்துதாஸுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நிமிர்ந்த முதுகு நிமிர்ந்தபடியே இருந்தது. ஆனால் கோட்டுப்பைக்குள் போன கை, அவர் சொல்லாமலேயே பேனாவைத் தேடியது.

"வரதன் சார். தெரியாத விஷயத்துல நான் வார்த்தை குடுத்துட்டேன். அது என் தப்பு. அத நான் வாபஸ் வாங்கிக்கிறேன்." ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக இறக்கிவைத்தார். "அந்தப் பழைய லெட்டர் பொய். அத கிழிச்சிடுங்க. அவ வேற லெட்டர் எழுதுவா. நெஜமா நடந்தத எழுதுவா."

ஜெயசீலி மேஜையோரத்தில் நின்றபடியே தமிழில் எழுதினாள். 'மூன்று தாளில் எண் தெளிவாக இல்லாதபோது கேட்காமல் நானாக ஊகித்து அடித்தேன். அது என் பிழை. மற்ற கோளாறுகள் என்னுடையவை அல்ல, வசந்தகுமாரியுடையவையும் அல்ல. இனித் தெரியாத இடத்தில் கேட்பேன்.' கையெழுத்துப் போட்டாள்.

கிறிஸ்துதாஸ் தாளைத் தன் பக்கம் திருப்பி, சைடிங்கில் முப்பத்தோரு வருடம் எழுதின அதே நான்கு சொல்லை அவள் பேருக்குக் கீழே எழுதினார். 'என் எதிரில் திறந்து பார்க்கப்பட்டது.' ஆ. கிறிஸ்துதாஸ் என்று முழுசாகக் கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார்.

வரதன் அதை இரண்டு தடவை படித்தார். "இதைத்தான் ஃபைல்ல வெக்கணுமா?"

"வெய்யுங்க. யார் வேணா படிக்கட்டும்."

வரதன் பழைய காகிதத்தை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். "போய் உட்காரும்மா. பழைய மிஷின் அட்டைக்கெல்லாம் இனிமே மூலையில சிவப்புக் கோடு போடணும். அதையும் நீயே சொல்லிக்குடு" என்றார்.

சாயங்காலம் வேலை முடியும்வரை கம்பெனி கேட்டுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருந்து மகளோடு சேர்ந்தே ரயில் ஏறினார். ரயில் ஆவடியைத் தாண்டியது. அப்புறம் அவள்தான், "கோவமா நைனா?" என்று கேட்டாள்.

"கோவந்தான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உன்மேல இல்ல" என்றார்.

பட்டாபிராமில் இறங்கியதும் ஜெயசீலி வழக்கமான பக்கம் திரும்பினாள். அவர் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நடந்தார்.

"ஊடு இந்தாண்ட கீது நைனா."

"நீ போ. அம்மாகிட்ட சொல்லு, சாப்பாட்டுக்கு லேட்டாவும். வேம்புலின்னு ஒருத்தன், என்கூட சைடிங்ல வேலை பாத்தவன். அவனைப் பாத்துட்டு வர்றேன்."

"யாரது? அவரு ஊடு அங்கதான் கீதா?"

கிறிஸ்துதாஸ் ரயில்வே கேட்டைத் தாண்டி நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். பதினோரு வருடமாக அவர் அந்தப் பக்கம் போனதில்லை.

"தெரியல" என்றார். "விசாரிச்சிப் பாக்கணும்."